நைனாவின் குரலுக்கு ஒரு குடோன்

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நைனா கேட்டது ஒரே கேள்விதான். "வண்டி ஓட்லாம் இல்ல?"

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். "ஓட்டலாம் ஐயா. பேசத்தான் முடியாது" என்றார். நைனா தலையை ஆட்டிக்கொண்டார், பேரம் படிந்துவிட்ட மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

நைனா திருவொற்றியூர் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அந்தத் தொழிலுக்குக் கையும் காலும் மட்டும் போதாது, தொண்டையும் வேண்டும். நாலு வண்டி வரிசையாக நின்றால் எவன் குரல் ரோட்டைத் தாண்டிப் போகிறதோ அவன் வண்டிதான் முதலில் நிரம்பும். நைனாவின் குரல் தாண்டிப் போகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே அவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசை கட்டி நிற்கும். புகை, புழுதி, வடக்கேயிருந்து காற்றடித்தால் சாம்பல். அந்த ரோட்டில் பிழைப்பவர்களில் யாருக்குத் தொண்டை சரியாக இருக்கிறது? "தூசிதான், சுடுதண்ணி குட்ச்சா பூடும்" என்பார் நைனா. குடித்தார். போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அம்மா என் காதருகே வந்து கேட்டாள்.

"அந்தக் கொரலயாச்சும் புட்ச்சி வெச்சிக்கலாமா? நீதான் கம்பூட்டர்காரியாச்சே."

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் அனுப்பியிருந்த குரல் செய்திகள் அம்மாவின் போனில் இருந்தன. "அக்கா, இன்னா கொழம்பு?" என்று ஒன்று. "அக்கா, போன எடு" என்று கோபமாக ஒன்று. அம்மா கத்திவாக்கம் பக்கம் கழிமுகத்தில் இறால் வாங்கி வந்து தெருவில் விற்பவள். விற்று முடித்துவிட்டு அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்பாள். ஒரு நாள் இறால் வாங்கக் குனிந்தபோது இடுப்பிலிருந்த போன் தண்ணீரில் விழுந்தது. புது போன் வாங்கிக் கொடுத்தோம். செய்திகள் வரவில்லை. "தம்பி பூட்டதுக்கு ஒரு தபா அழுதேன். அவன் கொரலு பூட்சே, அதுக்கு இன்னொரு தபா" என்று சொல்வாள்.

அப்போது வந்த ஆத்திரத்தில்தான் வீட்டில் சொந்தமாக ஒரு சாட் சர்வர் போட்டேன். எனக்குப் பிழைப்பே அதுதான். ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் சர்வர்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, எங்கள் மூன்று பேருக்கும் கணக்கு உண்டாக்கினேன். இனி எந்தப் போன் எந்தத் தண்ணீரில் விழுந்தாலும் வீட்டில் ஒரு நகல் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த சர்வர் எழுத்தை மட்டும்தான் கடத்தும். எழுத்து என்றால் அம்மாவுக்கு ஆகாது. "எய்த்தப் பாத்து பாத்து தட்றதுக்குள்ள எறா நாறிப்பூடும்" என்று சொல்லிவிட்டாள். நைனா ஒரு முறை ஒரு பூ படத்தை அனுப்பப் பார்த்தார், போகவில்லை. அதோடு விட்டுவிட்டார். பெட்டி சும்மா ஓடிக்கொண்டிருந்தது, கரண்டைத் தின்றுகொண்டு.

இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன்.

விஷயம் பெரிய கம்ப சூத்திரம் இல்லை. படமோ குரலோ அனுப்ப வேண்டுமென்றால் சாட் சர்வருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு இடம் வேண்டும். போன் முதலில் சர்வரிடம் கேட்கும்: என்னிடம் இவ்வளவு பெரிய சரக்கு இருக்கிறது, இறக்கலாமா? சர்வர் அளவைப் பார்க்கும். சரி என்றால் ஒரு முகவரி எழுதிச் சீட்டு கொடுக்கும். போன் அந்த முகவரியில் சரக்கை இறக்கிவிட்டு, முகவரியை மட்டும் எதிராளிக்கு அனுப்பும். அவர் அங்கே போய் எடுத்துக்கொள்வார். ராயபுரம் பக்கம் துறைமுக கேட்டில் லாரிக்குப் பாஸ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அம்மா கூடத்தில் டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். "இன்னா அது, ரொம்ப நேரமா தட்டிகினே கீற?"

சொன்னேன்.

"அப்ப குடோன்னு சொல்லு."

"குடோன்தான்."

"பூட்டு நெல்லா கீதா?"

பூட்டில்தான் சிக்கலே. குரல் இறங்கும் முகவரிக்குத் தனியாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, அதை மறந்துவிட்டு வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போய் வை-ஃபையை அணைத்துவிட்டு அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருந்தது. சான்றிதழை வாங்கிப் போட்டேன். அதற்குள் கரண்ட் போனது. வந்தபின் பெட்டி எழுந்திருக்க மறுத்தது. உப்புக் காற்றில் அதன் பின்பக்கமெல்லாம் துரு. ஒரு தட்டுத் தட்டியதும் எழுந்தது. வேறு யார் வீட்டு சர்வராக இருந்தாலும் பொறுமையாகப் பார்த்திருப்பேன். அன்று அதை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடைசியாக இரண்டு விஷயம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒன்று, எவ்வளவு பெரிய கோப்பை அனுமதிப்பது. டிஸ்க் சின்னது, கிழடு. ஓரிரு நிமிடப் பேச்சு தாராளமாக நுழையும் அளவுக்கு வரம்பு வைத்தேன். இன்னொன்று, பழைய கோப்புகளை எப்போது அழிப்பது. பொதுவாக இந்த மாதிரி இடங்களில் கொஞ்ச நாள் கழித்துத் தானாகவே அழிந்துவிடும்படி வைப்பார்கள். அந்தக் கட்டளை வரியையே எடுத்துவிட்டேன். இங்கிருந்து எதுவும் போகக்கூடாது.

"நைனா, எதுனா பேசு" என்று அவர் போனை நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார், இருமல் வந்தது. குடோனில் இறங்கிய முதல் சரக்கு அந்த இருமல்தான். அதையும் அழிக்கவில்லை.

குரலுக்கென்று சாட்டில் தனி அறை ஒன்று திறந்தேன். எப்படி அழுத்துவது, எப்படி விடுவது என்று காட்டிக் கொடுத்தேன். என்னென்ன பேசவேண்டும் என்றும் சொன்னேன். தண்ணீ வேணும். வலிக்குது. சாப்ட்டியா. இங்க வா. "என்ன 'பாப்பா'ன்னு கூப்புடு. அம்மாவ எப்டி கூப்புடுவியோ அப்டியே கூப்புடு." அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'இந்தாமே' என்பார். அந்த 'இந்தாமே'யில் சமாதானம், சண்டை, பசி எல்லாம் வந்துவிடும்.

நைனா போனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன் பாப்பா. நான் ஆஸ்பித்திரில படுக்கற வரிக்கும் ரெண்டு பேரும் இத்த கேக்கக்கூடாது. ஆளு உசுரோட பேசிகினு சொல்லோ, பூட்டவன் கொரலாட்டம் போட்டுக் கேட்டா நெல்லதில்ல."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு மூடத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்த அறைக்குக் கதவு கிடையாது, அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள்தான் வாசலுக்குப் போய்விடுவோம். அடுத்தடுத்த நாட்களிலும் வண்டி ஓட்டிவிட்டு வந்து அப்படியே போய் உட்கார்ந்தார். சர்வரில் கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்குவதை ஆபீசிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணும் அளவும் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் துளையும் குழாயுமாக அவரைப் பார்த்தபோது நான் அழவில்லை. மூச்சு அந்தத் துளை வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் எதையோ சொல்ல வாயை அசைத்தார். காற்றுகூட வரவில்லை. தனக்கே அப்போதுதான் புரிந்ததுபோல வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

வார்டுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து, நானும் அம்மாவும் ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டோம். முதல் கோப்பைத் திறந்தேன்.

"டோல்கேட், டோல்கேட், டோல்கேட்!"

அடுத்தது. "தேரடி, எல்லம்மன் கோயிலு, எர்ணாவூரு, எண்ணூரே!"

அடுத்தது. "உள்ள தள்ளி ஒக்காரும்மா. பின்னாடி ஒரு ஆளு வரட்டும்."

"கால உள்ள வை தம்பி." "ஏறு ஏறு ஏறு." "எறங்கறவங்க சொல்லுங்க."

எல்லாம் அதேதான். கரகரத்த, உடைந்த குரலில், ஆனால் ஸ்டாண்டில் நின்று கத்துகிற அதே ராகத்தில். தண்ணீர் வேண்டும் என்று இல்லை. வலிக்கிறது என்று இல்லை. பாப்பா இல்லை. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது அம்மா இயர்போனை விரலால் காதுக்குள் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கீதா?"

"அவ்ளோதாம்மா."

"என்ன கூப்டலியா?"

"இல்லமா."

அம்மா இயர்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "அவருக்கு என்னிக்கும் வண்டிதான் பொண்டாட்டி" என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கையில் டீ இல்லை, கண் சிவந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை அடக்க முடியவில்லை. கழுத்தில் துணி கட்டிப் படுத்திருக்கும் மனிதரிடம் போய் நின்று, "அம்மாவ ஒரு வாட்டி கூப்புட ஒனக்கு வாய் வரலியா?" என்று கேட்டேன். கேட்ட வாக்கியம் எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தே கேட்டேன். அவர் கையை நீட்டி என் போனைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தப்புத் தப்பாக, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்தி தட்டினார்.

'வூட்டுக்கு கை போதும். ரோட்டுக்கு கொரல் ஓணும்.'

அவர் கணக்கு அது. வீட்டில் உள்ளவர்களுக்குக் கையைக் காட்டினால் புரியும். ரோட்டில் போகிறவனுக்கு என்ன புரியும்? ஷேர் ஆட்டோக்காரரைத் தவிர வேறு எவருக்கும் இப்படித் தோன்றாது என்று நினைத்தேன். அம்மாவிடம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். அவள் அவர் கால் பக்கம் போர்வையைச் சரி செய்தாள்.

உடம்பு தேறியதும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வண்டியின் கம்பியில் கட்டினார். போனைத் தொட்டால் ஸ்பீக்கர் கத்தும். லீவு போட்டுவிட்டு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஸ்டாண்டில் விசில் பறந்தது. "மாமு, சோக்கா கீது மாமு!" என்று ஒருவர் வந்து நைனாவின் தோளைக் கட்டிக்கொண்டார். நைனா சிரித்தார், சத்தமில்லாமல். குடோனில் கிடந்த குரல் ரோட்டைத் தாண்டிப் போனது. இரண்டு பேர் ஏறினார்கள். எனக்கு அன்று காலை இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. நான் போட்ட சர்வர் ஒரு மனிதனைத் திரும்பவும் நிற்கவைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு பெண், கையில் குழந்தையோடு வந்தாள். "அண்ணா, எர்ணாவூர் பாலத்துக்கு இந்தாண்டயே நிப்பாட்டுவியா?" நைனா தலையாட்டினார். "நிப்பாட்டுவியா மாட்டியா, வாயத் தொறந்து சொல்லேன்." நைனா கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார். அவர் தொட்டதில் துணி கொஞ்சம் விலகியது. அந்தப் பெண் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, பாவம். குழந்தையின் முகத்தை மட்டும் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு, "பரவால்லண்ணா, வேற வண்டில வரேன்" என்று நகர்ந்தாள். அன்று இப்படியே இன்னும் சிலர். ஒருவர்கூடத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டாண்டில் இருந்தவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவர்களே நைனாவின் வண்டிக்காகக் கத்த ஆரம்பித்தார்கள். "அந்த வண்டி போவும், அதுல ஏறு, அதுல ஏறு!" நல்ல மனசோடுதான் செய்தார்கள். அவர்கள் கத்தலில் ஸ்பீக்கர் கேட்கவே இல்லை. நைனா கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தார். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். வண்டியை ஸ்டாண்டிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். கும்மிடிப்பூண்டி ரயில் போகும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார், அவ்வளவுதான். கையால் ஜாடை காட்டுவதும் குறைந்தது. போனைச் சார்ஜ் போடுவதையே விட்டுவிட்டார். வூட்டுக்குக் கை போதும் என்றவர், கையையும் மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். அம்மா அவர் எதிரே தட்டை வைப்பாள், எடுப்பாள். பேசுகிறவள்தான், அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பதில் வராத வீட்டில் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது? எனக்கு ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வரவே பிடிக்காமல் போனது. இதை எழுதும்போதும் வெட்கமாக இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

மழை விட்டு, குளிர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஸ்பீக்கர் கேட்டிருந்தார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஃப்ரிட்ஜ் மேலேயே சார்ஜில் போட்டு, நைனாவின் போனுக்கும் உயிர் கொடுத்தேன். போன் தானாகவே ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டது. எதையாவது ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று குரல் அறையைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் உச்சியில், சிவப்புக் குறியோடு ஒரு கோப்பு நின்றது. அனுப்பப்படவில்லை. வரம்பைவிடப் பெரியது.

அதாவது, அவர் முதன்முதலில் உள்ளறைக்குப் போய்ப் பதிவு செய்தது. சர்வர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. இவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

முதலில் அது குடோனில் இறங்கட்டும் என்று தோன்றியது. பீரோ பக்கத்தில் உட்கார்ந்து வரம்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, சர்வரைத் திரும்பக் கிளப்பினேன். போனில் சிவப்பை அழுத்தினேன். சுற்றியது. இறங்கிவிட்டது. தொட்டேன்.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. ஒரே இரைச்சல். ஃபேன் ஓடும் சத்தம் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. ஃபேன், தூரத்தில் ஒரு ஹாரன், கரகரவென்று ஒரு மூச்சு. பேச்சே இல்லாமல் அது பாட்டுக்கு ஓடியது. அழுத்திவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியிலிருந்த நைனா தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார். வெறும் சத்தம்தான், நிறுத்திவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"இந்தாமே."

வீடு முழுக்கக் கேட்டது. பிறகு கொஞ்சம் இடைவெளி. எதையோ சொல்ல வந்து, வார்த்தை அகப்படாமல் நின்ற இடைவெளி என்றுதான் நான் நினைக்கிறேன்.

"அந்த ஃபேன நிறுத்துமே, எரையுது."

"நிறுத்தறன்யா, நிறுத்தறன். உசுர வாங்காத!"

இரண்டு அம்மாக்கள் கத்தினார்கள். ஒன்று ஸ்பீக்கரிலிருந்து. இன்னொன்று சமையலறையிலிருந்து, அதே எரிச்சலோடு. இறால் நாற்றத்தோடு ஈரக் கையோடு அம்மா கூடத்துக்கு ஓடி வந்து ஃபேனைப் பார்த்தாள். குளிருக்கு ஃபேன் ஓடவே இல்லை. சுவிட்சை நோக்கி நீட்டிய கை அப்படியே நின்றது. ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து, அடங்கி, "டோல்கேட், டோல்கேட்" என்று ஆரம்பித்தது. நான் நிறுத்தினேன்.

நைனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நான்கே எழுத்து, எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நீட்டிய கையாலேயே சுவிட்சைப் போட்டாள். அந்தக் குளிரில் ஃபேன் இரைந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தது. நைனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், சுவிட்சுக்குக் கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இப்ப போடு" என்றாள்.